காகம் வராத மலையில் ஒரு தானம்

ஜனவரிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, றக்வானை மலையில் இருக்கும் ஒரு ஆரண்யத்துக்கு மூன்று தோழிகள் போய் வந்தோம். ஆறு பிக்குமார் மட்டும் தியானத்தில் இருக்கும் காட்டு மடம் அது. பெயரை எழுதினால் கூட்டம் வந்துவிடும் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

போயே தீரவேண்டும் என்று நின்றவள் செல்வி. அவளுடைய அம்மா காமாட்சி அந்த மலையடித் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து எடுத்தவர். தினமும் முற்பகலில் மேலே காட்டுக்குள் ஒரு மணி அடிக்கும். அது எங்கே அடிக்கிறது என்று ஒரு நாள் ஏறிப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஏறாமலே போன வருஷம் போய்ச் சேர்ந்தார். முதல் திவசத்துச் சோற்றை அந்த மடத்துக்கே தானமாகக் கொடுப்பது என்று செல்வி முடிவு கட்டிவிட்டாள். அவள் முடிவு கட்டினால் தோட்டத்துத் துரையே வந்தாலும் மாற்ற முடியாது.

தானம் என்பது சும்மா தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பதல்ல. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். நண்பகலுக்குப் பிறகு பிக்குமார் சாப்பிடமாட்டார்கள். நாம் பிந்தினால் ஆறு பேரும் அன்றைக்குப் பட்டினி.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், செல்வி வீட்டில், விடியுமுன்னே சமையல் முடிந்தது. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். றக்வானை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ரிஸ்னா ஒரு கூடை பழத்தோடு வந்து சேர்ந்தாள். சுனில் அய்யாவின் த்ரீவீலரில் ஏழரைக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு பழைய விகாரையில் இறங்கிப் பூ வைத்தோம். மேலே பாதை வழுக்கும், செருப்பை நம்பாதீர்கள் என்று அங்கிருந்த பிக்கு சிங்களத்தில் சொல்லி அனுப்பினார். ஒன்பது கிலோமீட்டரில் தார் ரோடு முடிந்தது. அதற்குமேல் காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடை. சோற்றுச் சட்டியை அய்யா சுமந்தார். மிச்சத்தை நாங்கள் பங்குபோட்டுக்கொண்டோம். அட்டை கடித்ததை நின்று பார்க்கக்கூட செல்வி விடவில்லை.

பத்தரைக்கு மடத்து முற்றத்தில் நின்றோம். பாறைக்கு அடியில் சின்னச் சின்னக் குடில்கள், கூட்டிப் பெருக்கிய மணல், ஒரு மணி. செல்வி அந்த மணியைத் தொட்டுப் பார்த்தாள்.

எங்கள் முட்டாள்தனம் அப்போதுதான் வெளியே வந்தது. திவசச் சோற்றில் முதல் பிடி காகத்துக்கு. அது வாய் வைத்த பிறகுதான் மனுஷருக்குப் பரிமாறுவது. லயத்திலோ அடுப்பு புகையும்போதே கூரையில் காகம் வந்து உட்கார்ந்துவிடும். அந்த நினைப்பில் மேலேயே வைத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம். செல்வி பாறைமேல் வாழையிலையை விரித்து, சோறு வைத்துக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். ரிஸ்னாவும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும்விடச் சத்தமாகக் கா கா என்று கத்தினாள். காடு கம்மென்று இருந்தது. இந்தக் காட்டில் நாங்கள் காகத்தைக் கண்டதே இல்லை என்றார் மடத்தில் பணிவிடை செய்யும் பெரியவர்.

பதினொரு மணிக்கு அந்த மணி அடித்தது. பிக்குமார் வரிசையாக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. செல்வி இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காகம் எடுக்கவில்லை என்றால் செத்தவருக்கு மனத்தாங்கல் என்று நம்பி வளர்ந்தவள் அவள். பதினொன்றரை ஆகப்போகிறது என்று பெரியவர் மெதுவாக என் காதில் சொன்னார். அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் திணறிக்கொண்டிருக்க, அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஆறு பேரு பசியோட ஒக்காந்திருக்காங்க. இவங்கள காக்க வச்சேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னைய ஏசிப்புடுவாங்க. வாங்க, பரிமாறுவோம்."

அவளே ஒவ்வொரு பாத்திரத்திலும் சோறு வைத்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. சாப்பாடு முடிந்ததும் பெரிய பிக்கு அம்மாவின் பெயரைக் கேட்டார். பிறகு பிக்குமார் பிரித் என்ற காப்பு மந்திரத்தை ஓத, செல்வி செம்பிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள். கிண்ணம் நிறைந்து கீழே தட்டில் வழியும்வரை ஊற்றவேண்டும், புண்ணியம் இறந்தவருக்குப் போய்ச் சேர்வதற்கு. அந்த ஓதலுக்கு நடுவே காமாட்சி அம்மா என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிஸ்னாவைப் பார்த்தேன், அவளுக்கும் அதே நிலைமைதான்.

பாத்திரம் கழுவிக்கொண்டு வந்தபோது ரிஸ்னா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். இலைமேல் ஒரு பறவை. நல்ல நீலம், செம்பழுப்புத் தலை, சிவப்பு மூக்கு, நீண்ட வால். பூசணிக்காயை ஒதுக்கிவிட்டு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"இதுவும் காக்கா குடும்பந்தான்டி" என்றேன்.

"சும்மா ஆறுதலுக்குச் சொல்றியா?" என்றாள் செல்வி.

சத்தியமாக இல்லை. சிங்களத்தில் கெஹிபெல்லா என்பார்கள், இலங்கைக் காடுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது, காக இனம்தான். சுனில் அய்யாவும் ஆமாம் என்று தலையாட்டினார். செல்வி கழுவிய பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"எங்கம்மா உசுரோட இருந்தப்ப இப்படி ஒரு சேல கட்டுனதே இல்ல" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மே, ஜூனில் மண்சரிவு உண்டு, அட்டையும் அதிகம். காலுக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் அட்டை கொஞ்சம் விலகும். வெள்ளை உடுப்பு, மூடிய தோள், பிடிப்பான சப்பாத்து வேண்டும். த்ரீவீலர் காத்திருந்து திரும்ப மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். தானம் கொண்டுபோனால் பதினொரு மணிக்கு முன்னால் மேலே இருங்கள். உங்கள் வீட்டிலும் முதல் பிடியை எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தால், இலையில் வைத்துவிட்டுப் பரிமாறப் போங்கள். காத்திருக்க வேண்டாம், வருகிறவர் வருவார்.