பொய்முட்டைக்கு ஊட்டிய வெம்மை

இரு உள்ளங்கைகளுக்கிடையே முட்டையைப் பொதிந்து, அதன்மேல் மூச்சை ஊதிக்கொண்டிருக்கிறார் கிரெசென்ஸ் அம்மையார். சுண்ணத்தில் வார்த்த பொய்முட்டை அது. குளிர்ந்ததைக் கூட்டில் வைக்க அவர் மனம் ஒப்பாது. வெம்மை ஏறியதும் அடைகாக்கும் புறாவின் மார்புக்கடியில் கையை நுழைத்து, மெய்யை எடுத்துக்கொண்டு பொய்யை வைக்கிறார். புறா மணிக்கட்டைக் கொத்துகிறது. "கோச்சுக்காதம்மா. குடுத்ததுக்கு நன்றி" என்கிறார். நன்றி சொல்லாமல் எந்தக் கூட்டையும் அவர் கடந்ததில்லை.

ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் மெழுகுவத்தி ஏற்றுவதும் பீடத்துணி துவைப்பதும் அவர் ஊழியம். ஊரார்க்கு அவர் செண்ஸி. எச்சம் தெறித்த பாவாடையோடு திருப்பலிக்கு வருவார். பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். முகம் சுளிப்பவர்களிடம், "தூய ஆவியே புறாவாத்தான் வந்தாரு. அன்னிக்கு யாராச்சும் குடை புடிச்சாங்களா?" என்பார்.

கோயிலை ஒட்டி ரொட்டிக்கடை நடத்தும் ஓட்மார் அவரோடு பள்ளியில் படித்தவர். வாசல் மேசைகளில் எச்சம் விழுந்து வாடிக்கையாளர் எழுந்து போகவே, நஞ்சு கலந்த தானியம் தூவப்போவதாகச் சென்ற வசந்தத்தில் சூளுரைத்தார். செண்ஸி ஒரு கோடைக்காலத் தவணை கேட்டுப் பெற்றார். கோயிற் பரணில் புறாமாடம் எழுந்தது. இரை அங்கேயே கிடைத்ததால் புறாக்கள் தெருவில் பொறுக்குவதை விட்டன. எச்சமும் அங்கேயே விழுந்தது. அதை வழித்தெடுப்பவரும் செண்ஸியே. ஆனால் குஞ்சு ஒன்று பொரித்தாலும் நஞ்சுதான் என்பது ஓட்மாரின் நிபந்தனை. அதற்காகத்தான் பொய்முட்டைகள்.

கோடை முடிந்ததும் ஓட்மார் மாடத்துக்கு ஏறி வந்தார். கடைசிக் கூட்டில், மஞ்சள் மயிர் சிலிர்க்க, கண் திறவாத குஞ்சொன்று வாய் பிளந்தது.

"சுண்ணாம்பு முட்டைகூட உன் கையில பொரிக்குதே, செண்ஸி" என்றார் ஓட்மார்.

இரண்டு முட்டையும் ஒரே சூட்டில் இருந்ததால் கை மாறி மெய்யையே கூட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார் அம்மையார். "தப்பு என்னோடது. அதுங்களுக்கு வெஷம் வெச்சிடாத."

"சுண்ணாம்பைப் போயி எதுக்குச் சூடு பண்ற?"

"சில்லுனு இருந்தா அதுக்கு மனசு ஒடஞ்சிடாதா?"

ஓட்மார் கூட்டருகே குனிந்தார். பிறகு, இவ்வளவு அழகற்ற பிள்ளையைத் தாம் கண்டதே இல்லை என்று குஞ்சைப் பார்த்து முணுமுணுத்தபடி படியிறங்கினார். அதைத் தீர்ப்பாகக் கொள்வதா, வசையாகக் கொள்வதா என்று செண்ஸிக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடித்து வந்தவரை ஓட்மார் கைதட்டி அழைத்தார். எச்சத்துக்கு அஞ்சி மேசைகளுக்கு மேல் விரித்திருந்த துணிப்பந்தல் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. திறந்த வானத்தின் கீழ் அவரை அமர்த்தி, "மேசை சுத்தமா இருக்கு செண்ஸி. உன்னாலதான்" என்று கோப்பையொன்றை வைத்தார். தலைக்கு மேல் சிறகொலி கேட்டது. அம்மையார் பதறிக் கோப்பையைக் கையால் மூடினார். ஓட்மார் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுக் காப்பியை ஊற்றினார்.