மாவு மில் நின்ற மத்தியானம்

நான் வேலை செய்யும் மருந்துக்கடை ஆந்திரப் பக்கத்துப் புத்தூரில், ரயிலடிக்குப் போகும் தெருவில் இருக்கிறது. பக்கத்துக் கடை மாவு மில். பகல் முழுக்க அது ஓடிக்கொண்டே இருக்கும். மாத்திரை கேட்டு வருகிறவர்கள் கத்திக் களைத்துப்போய், தலைவலி என்றால் நெற்றியையும் வயிற்றுவலி என்றால் வயிற்றையும் தொட்டுக் காட்டுவார்கள். எனக்கு அது பழகிவிட்டது.

கடை ரொம்பக் குறுகல். முன்னால் கண்ணாடி மேஜை, அதன் ஓரத்தில் தூக்கித் திறக்கிற பலகை. மேஜைக்கும் மருந்து அலமாரிக்கும் நடுவில் ஒருவர் நடந்தால் இன்னொருவர் ஒதுங்க இடமில்லை. அந்த வழி முடிகிற இடத்தில் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறை. அதற்கு வேறு வாசல் கிடையாது.

சம்பவம் நடப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் என் ஓரகத்தி என்னைத் திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிறுதோறும் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கிறார்களாம். அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நாராயணவனத்தில் எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்து. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"இந்த வயசுல எதுக்குக்கா? முட்டி வலிக்குது," என்றேன்.

"நான் மட்டும் போனா உங்க மாமா கிண்டல் பண்ணிக்கினே இருப்பாரு. நீயும் வா. ரெண்டு பேரையும் சேர்த்துப் பண்ணட்டும்."

சொல்லிக்கொடுத்தது ஒரு பெண் போலீஸ். எங்கள் வயதுதான் இருக்கும். நாகலாபுரத்துப் பக்கத்துக்காரர், தமிழும் தெரியும் என்பதால் தெலுங்கில் சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழிலும் ஒருமுறை சொல்வார். முதல் வாரமே எங்கள் ஆசையில் மண்ணைப் போட்டார்.

"மூணு பேர் வந்தா மூணு பேரையும் அடிச்சிப் போடறதெல்லாம் சினிமாவுல. நீங்க ஜெயிக்க வேணாம், வெளிய வந்தா போதும். சின்ன எடத்துல மாட்டிக்கினா பயப்படாதீங்க. எடம் இல்லைன்னா அவங்களாலயும் உங்களைச் சுத்தி நிக்க முடியாது. ஒருத்தன் பின்னால இன்னொருத்தன் நிக்கிற மாதிரி பாத்துக்குங்க. உள்ள மட்டும் ஓடாதீங்க. கண்ணு வாசல் மேலயே இருக்கட்டும்."

தலைமுடியைப் பிடித்தால் என்ன செய்வது என்றும் காட்டினார். இழுக்கிறவனிடமிருந்து பின்னால் போகக்கூடாது. அவன் கையை நம் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அவன் பக்கமே பாய வேண்டும். அக்கா என் கொண்டையை உண்மையாகவே பிடித்து இழுத்தாள். நான் அலறினேன், அவள் சிரித்தாள், இரண்டு பேரும் வரிசையில் நிற்க முடியாமல் ஓரமாக உட்கார்ந்து சிரித்தோம். பஸ்ஸில் திரும்பும்போது, ஒரு ஞாயிறு போனதுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பவம் நடந்த அன்று நல்ல வெயில். முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. மூன்று பேர் வந்தார்கள். முன்னால் நின்றவன் தூக்க மாத்திரை கேட்டான், அட்டை அட்டையாக.

"டாக்டர் சீட்டு இருக்குதா?"

"இல்ல. குடு."

"சீட்டு இல்லாம தர முடியாதுப்பா."

அவன் திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். பின்னால் இருந்த நெட்டையன் ஷட்டரை இழுத்து மூடினான்.

எனக்கு விஷயம் புரிவதற்குள் கால்கள் உள்ளறைப் பக்கம் திரும்பிவிட்டன. ஓடியே இருப்பேன். 'உள்ள மட்டும் ஓடாதீங்க' என்ற அந்தக் குரல் காதுக்குள் கேட்டது போல இருந்தது, நின்றேன். அப்புறம் செய்தது எதையும் யோசித்துச் செய்யவில்லை. அலமாரியின் கீழ் இழுப்பறைகளைப் பட்படென்று முழுக்க வெளியே இழுத்தேன். அவை மேஜையின் முதுகில் போய் முட்டின. வழி முழங்கால் உயரத்துக்கு அடைபட்டது. முதல் ஆள் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். இரண்டாமவன் அவன் முதுகுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு, "போடா, போடா," என்று தள்ளினான். நெட்டையன் ஷட்டர் மேல் காலை வைத்து நின்றிருந்தான். மூன்று பேர் இருந்தும் என் எதிரில் ஒருவன்தான் இருந்தான்.

நான் உட்காரும் ஸ்டூலைத் தூக்கி, கால்கள் அவன் பக்கம் இருக்கும்படி பிடித்தேன். அவன் ஒரு காலைப் பற்றி முறுக்கினான். என் இடது மணிக்கட்டில் ஏதோ பிசகியது. ஸ்டூல் விழுந்தது. இழுப்பறைக்கு மேலாக எட்டி என் கொண்டையைப் பிடித்தான்.

வலியில் கண் இருட்டியது. ஆனாலும் இரண்டு கைகளாலும் அவன் கையைத் தலையோடு அழுத்திக்கொண்டு, குனிந்து, அவன் நெஞ்சுக்குள் முட்டினேன். அவன் அதை எதிர்பார்க்கவில்லை. பின்னால் கால் வைக்க இடமில்லாமல் இரண்டாமவன் மேல் சாய்ந்தான். பிடி விட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் நான் கத்திக்கொண்டேதான் இருந்தேன். வீட்டில் தமிழ் பேசுகிறவள், என் வாயில் வந்தது தெலுங்கு. "தொங்கலு! தொங்கலு!" திருடர்கள், திருடர்கள் என்று. மில் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

அப்போது கரண்ட் போனது.

விளக்கும் ஃபேனும் மில்லும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் என் குரல் தனியாகக் கிளம்பியதும் நானே திடுக்கிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சொன்னது தெளிவாகக் கேட்டது: "ஏய், மருந்துக்கடையம்மா கத்தறாடி!"

அடுத்து ஷட்டர் அதிர்ந்தது. மாவு அரைக்க வந்து காத்திருந்த பெண்கள் கையிலிருந்த டின்களாலேயே அடித்தார்கள். நெட்டையன் பயந்துபோய் ஷட்டரைத் தானே தூக்கிவிட்டு ஓடினான். மற்ற இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்து வெளியே வந்தபோது, டின் அடியும் விழுந்தது, மாவும் விழுந்தது. வெள்ளையாக ஓடிய அந்த இருவரை ரயிலடி ஆட்டோக்காரர்கள் மடக்கிவிட்டார்கள். நெட்டையன் பிறகு போலீஸிடம் அகப்பட்டான்.

நான் மில் படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். யாரோ என் கலைந்த முடியை அள்ளிக் கட்டினார்கள். அது யார் கை என்று இன்றுவரை தெரியாது. மணிக்கட்டு வீங்கியதைப் பார்த்து, நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட உடனே கூட்டிப்போக வேண்டும் என்று ஒருத்தியும், முதலில் எக்ஸ்ரே என்று இன்னொருத்தியும் எனக்காகச் சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டும் நடந்தது.

சேதி கேட்டு அக்கா மூச்சிரைக்க வந்தாள்.

"முடியைப் பிடிச்சானா?"

"பிடிச்சான்க்கா."

"அவன் பக்கமே போனியா?"

"போனேன்."

அதைக் கேட்டுவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

கை சீக்கிரம் சரியாயிற்று. மனசு ஆகவில்லை. மத்தியான நேரம் வந்தால் ஷட்டரைப் பார்க்கவே பிடிக்காது. என் கணவர் வேலையை விடு என்று சொல்லவில்லை. முதலாளியிடம் பேசி, ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, உள்ளறையின் பின்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தார். மில்லுக்கு வருகிற பெண்களில் யாராவது ஒருத்தி, முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில் தவறாமல் உள்ளே வந்து உட்காருவாள். "மில்லுல ஒரே வெக்கை. உன் ஃபேன்தான் நல்லா ஓடுது," என்பாள். உனக்குத் துணையாக வந்தேன் என்று ஒருத்திகூட ஒருநாளும் சொன்னதில்லை. நானும் நன்றி என்று வாயால் சொல்லவில்லை. ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பேன், அவ்வளவுதான்.

கைக்கட்டுப் பிரிப்பதற்கு முன்பே, பயிற்சி கொடுத்தவரிடம் மட்டும் நேரில் சொல்ல வேண்டும் என்று அக்காவோடு திருப்பதிக்குப் போனேன். அவர் என் கட்டைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் எங்கே நின்றான், நான் எந்தக் காலை முன்னால் வைத்தேன் என்று.

"அந்த இழுப்பறை ஐடியா யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். நீங்க ஒருத்தன் பின்னால ஒருத்தனை நிறுத்தச் சொன்னீங்க. அதுக்குத்தான்."

 அவர் என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் நீங்களே சொல்லுங்கம்மா," என்றார். எனக்குப் பேச வராது என்றேன். அக்கா முந்திக்கொண்டு எனக்காக ஒத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு மில் பெண்களும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, கடை எவ்வளவு குறுகல் என்று ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் தாண்டவில்லை. "இரு, அதை நான் சொல்றேன்," என்று ஒருத்தி எழுந்தாள். "உள்ள நடந்தது உனக்கு என்ன தெரியும்? வெளிய நடந்ததை நான் சொல்றேன்," என்று இன்னொருத்தி டின்னைச் சுழற்றியது போலக் கையைச் சுழற்றினாள். மண்டபமே சிரித்தது. நான் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.