கோவிந்தன் ஒட்டிய கண்ணாடி

தாட்சாயிணிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், கறுவிக்கொள்வாள். அவளிடம் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். கட்டின புருஷன் கோவிந்தனுக்குத்தான் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில், பெயர்ப்பலகை செய்யும் சின்னக் கம்பெனியில் பிளாஸ்டிக் தகடு அறுத்தவள். வேலையை விடச் சொன்னான், விட்டாள். கை சும்மா இருக்குமா? அங்கே தூக்கிப்போடும் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, உள்ளங்கையில் அடங்கும் அம்பாசடர் கார் செய்ய ஆரம்பித்தாள். வெள்ளைத் துண்டில் உடம்பு, நிறமில்லாத துண்டில் கண்ணாடி.

உடம்பை ஒட்டுவது சுலபம். குளோரோஃபார்ம் ஒரு சொட்டு விட்டால் இரண்டு துண்டும் இளகி ஒன்றாகிவிடும். கண்ணாடிதான் அவள் உயிரை வாங்கியது. அதே மருந்தை வைத்தால் ஓரமெல்லாம் வெளுத்து, பூ விழுந்த கண் மாதிரி ஆகிவிடும். கோந்து மஞ்சளடித்தது. முட்டை வெள்ளைக்கருவுக்கு எறும்பு வந்தது. கடைசியில், தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையைத் தீக்குச்சி முனையில் தொட்டு வைத்துப் பார்த்தாள். வைக்கும்போது பாலாக இருந்தது, காய்ந்த பிறகு வைத்த இடமே தெரியவில்லை. அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

எழுபதாம் வருஷ ஆயுத பூஜைக்கு அந்தக் காரைக் கோவிந்தன் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு எடுத்துப் போனான். அவன் செக்‌ஷன் சாமி படத்துக்கு முன்னால் வைக்கத்தான் கேட்டான். அங்கே என்ன சொன்னான் என்பது பக்கத்து வீட்டுப் பார்வதம் மூலம்தான் இவளுக்குத் தெரிந்தது.

"இன்னா தாட்சா, உன் ஊட்டுக்காரரு கையில இம்மாம் வித்தை கீதுன்னு நீ சொல்லவே இல்லியே?"

தாட்சாயிணி அவனிடமே கேட்டாள். கோவிந்தன் சிரித்தான். "யாரு செஞ்சா இன்னாமே? உன் பேரைச் சொன்னா எவன் நம்புவான்?"

அதைக்கூட விழுங்கியிருப்பாள். அடுத்த வருஷமும் ஒரு கார் போனது, அதுவும் அவன் பேரில்தான். அதைப் பாராட்ட ஃபோர்மேன் சண்முகசுந்தரம் வீட்டுக்கே வந்தார். காப்பி கொண்டுவந்தவளைக் காட்டி, "உங்க சம்சாரமும் கூடமாட உதவி செய்வாங்களா?" என்றார். "இதுவா? இதுக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாது சார்" என்றான் கோவிந்தன். இரண்டு பேரும் சிரித்தார்கள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்தவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. நாலு பேர் முன்னால் இவன் தலை குனிகிறவரை இது அணையாது என்று அவளுக்கே தெரிந்தது.

எழுபத்திரண்டில் வாய்ப்பு தானாக வந்து வாசலில் நின்றது. பூஜை அன்று பெரிய அதிகாரி வருகிறாராம். முன் கண்ணாடியை மட்டும் ஒட்டாமல் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க அங்கேயே ஒட்டிக்காட்ட வேண்டும் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். கோவிந்தன் அன்று வீட்டுக்குள் வந்த நடையே வேறு.

"தாட்சா, கண்ணாடிக்கு எதைப் போடுவே நீ?"

"நானே வந்து ஒட்டறேன். செஞ்சது இவதான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"மானத்த வாங்காதமே. எதுன்னு சொல்லு."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். அலமாரியைக் காட்டினாள். "ரெண்டு பாட்டில் கீது. ஒண்ணு பால் மாதிரி வெள்ளை, ஒண்ணு தண்ணி மாதிரி. ரெண்டு வருசமா நீதானே செய்யறே? உனக்குத் தெரியாதா?"

கோவிந்தன் வெள்ளைப் பசையைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கண்ணாடிக்குப் போய் யாராவது சுண்ணாம்பு மாதிரி இருப்பதைப் பூசுவார்களா? தண்ணீராக இருந்த மருந்து பாட்டிலை எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டான். தாட்சாயிணி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

பூஜை அன்று குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. தாட்சாயிணி பட்டுப்புடவை கட்டி, கையில் கூடையோடு முன்வரிசையில் நின்றாள். கோவிந்தன் மருந்தைத் தாராளமாக விட்டான். கண்ணாடியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். விரலை எடுத்தபோது கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருந்தது. இளகின இடத்தில் அவன் ரேகை சுழிசுழியாகப் பதிந்திருந்தது. வேட்டி முனையால் துடைத்தான். இன்னும் கலங்கியது.

"இத்தனை நாள் எப்படிப்பா ஒட்டினே?" என்றார் அதிகாரி.

கோவிந்தன் முன்வரிசைப் பக்கம் திரும்பினான். தாட்சாயிணியைப் பார்த்தான். காப்பாற்று என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் கூடையில் வெள்ளைப் பசையும் இருந்தது, அளவாக வெட்டின இன்னொரு கண்ணாடியும் இருந்தது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் நான் செஞ்சது சார். இந்தக் கண்ணாடி ஒண்ணுதான் அவரு ஒட்டனது. கைநாட்டு வெச்சிகீறாரு பாருங்க."

முதலில் சிரித்தது ஃபோர்மேன்தான். பிறகு செக்‌ஷனே சிரித்தது. கோவிந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் தாட்சாயிணி அவனையே பார்த்தாள். பிறகு கூடையைத் திறக்காமலே வீட்டுக்கு நடந்தாள்.