வலியை மட்டும்

செருப்புக் கடைக்கு மேலே மாடி அறையில் அவள் மாலைநேர ஆங்கில வகுப்பு நடத்தினாள். வேலை முடிந்து வரும் டிரைவர்கள், துணிக்கடைப் பெண்கள், ஒரு செக்யூரிட்டி. எல்லோருக்கும் அவள் டீச்சர். உடன் வாழ்ந்த அக்காவுக்கு மட்டும் ‘கிராமர்’. யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் பட்டன் துளை போடும் காஜா மெஷின் ஓட்டிய அக்கா, வாய்த்துடுக்குக்காரி.

“எங்க கிராமர் கோபம் வந்தாக்கூட முற்றுப்புள்ளி வெச்சுத்தான் திட்டுவா” என்பாள்.

ஒருமுறை செக்யூரிட்டி, ‘முதலாளி என் சம்பளத்தை அலீவியேட் செய்துவிட்டார்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சம்பளத்துக்கு அது வராதுங்க. வலி, துக்கம், கஷ்டம், இதுக்குத்தான் வரும். அப்பவும் நோய் போயிடாது. வேதனை கொஞ்சம் தணியும், அவ்வளவுதான்.”

“அப்போ என் சம்பளத்துக்கு?”

“ரெட்யூஸ் போதும்.”

அந்த மழைக்காலத்தில் அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். பரிசோதனையெல்லாம் முடிந்ததும் டாக்டர் டீச்சரைத் தனியே வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசினார். இனி அலீவியேட் செய்ய மட்டும்தான் முடியும் என்றார். அவளுக்கு அகராதி தேவைப்படவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “என்னவாம்?”

“குறைச்சுடலாம்னு சொல்றாரு அக்கா.”

தமிழில் அந்த ஒரு சொல்லுக்குள் வலியும் அடங்கும், கட்டியும் அடங்கும். அவள் அதற்குள் ஒளிந்துகொண்டாள்.

மாத்திரைகள் வேலை செய்தன. அக்காவுக்குத் தெம்பு வந்தது. வெளியூரிலிருக்கும் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அம்மா செத்த வீட்டில் நடந்த வாய்ச்சண்டையில் அவனோடு பேச்சு அறுந்து வருஷக்கணக்காகியிருந்தது.

“உடம்பு தேறட்டும், நானே போய் அவன் வாசல்ல நிக்கிறேன். இந்தக் கோலத்துல போய்ப் பரிதாபம் வாங்கணுமா?”

டீச்சர் எழுந்துபோய்த் துணிகளை மடித்தாள்.

ஒரு காலையில் குளியலறையிலிருந்து வந்த அக்கா, கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். நைட்டி தோளில் நிற்காமல் நழுவியது.

“வலி குறையுது கிராமர். கூடவே நானும்ல குறையிறேன்? எதைக் குறைக்கிறதா சொன்னாரு அந்த மனுஷன்?”

“வலியை மட்டும்தான் அக்கா.”

அக்கா சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்டி. தம்பிய ஒரு எட்டு பார்த்துட்டு வந்திருப்பேன்.”

டீச்சர் ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும் தம்பி கிளம்பிவிட்டான். அவன் வந்து சேர்வதற்குள் வலி மீறிப்போய், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். அவன் காதருகே குனிந்து, “அக்கா, நான்தான் வந்திருக்கேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் கண் திறக்கவேயில்லை. மறுநாள் மதியம் மூச்சு அடங்கியது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு தம்பி கேட்டான். “டாக்டர் முன்னாடியே சொல்லலையா சின்னக்கா?”

“சொன்னாரு. நான்தான் மழுப்பிட்டேன்.”

அவன் “நானும் ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல?” என்று சொல்லி உடைந்து அழுதான்.

ஊர் திரும்ப எடுத்த டிக்கெட்டை அன்று மாலை அவன் கேன்சல் செய்தான். அவள் அவனுக்கும் சேர்த்து அரிசி களைந்தாள்.