விறகுக் கொட்டகையில் நற்கருணை

காப்பிப் பழம் சிவக்கிற மாதத்தில் அண்ணன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. லாரி ஓட்டிக்கொண்டு பம்பாய் வரைக்கும் போய் வந்தவர், சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கினார். சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்ததால் எஸ்டேட் ரைட்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சீட்டை மேஜையில் போட்டார். பிறகு விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். சேலம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மண்டை ஓடு வரைந்து எழுதியிருந்தார்களே, அந்த எய்ட்ஸ்தான்.

என் வீட்டுக்காரர் இறந்து அப்போது மூன்று வருஷம். எஸ்டேட்டில் காப்பிக் கொட்டை தரம் பிரிக்கிற வேலை எனக்கு. ஏழு வயதில் ஒன்று, நாலு வயதில் ஒன்று, இரண்டு பெண் குழந்தைகள். நானும் போய்விட்டால் அதுகளுக்கு நாதி கிடையாது. என் பயமெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் நின்றது.

அந்தப் பயத்தில் வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஊரெல்லாம் சுத்திப்போட்டு சாகறதுக்கு என்ற ஊடுதான் கெடைச்சுதுங்களா?" என்று கேட்டேன். கூடப்பிறந்தவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்பா இல்லாத குறை தெரியாமல் என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் என்பதால், துரத்தவும் மனசு வரவில்லை.

வீட்டுக்குப் பக்கத்து விறகுக் கொட்டகையில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன். தனி அலுமினியத் தட்டு, தனி டம்ளர். சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டு நான் பின்வாங்கிய பிறகுதான் அவர் வந்து எடுப்பார். வெளியே வருவதற்கு முன்னால் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "சாமிங்களா, மாமன் வெளிய வர்றேன். ஊட்டுக்குள்ள போயிருங்க." அப்படிச் சொல்லும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. குழந்தைகள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓடி வரும். நான் கதவைச் சாத்தித் தாழ் போடுவேன்.

சாயங்காலம் ஆனால் தவறாமல் ஜெபமாலை சொன்னேன். அத்தனை மணிக்கும் ஒரே வேண்டுதல்தான்: எங்களுக்கு வந்துவிடக் கூடாது. அண்ணனுக்காக ஒரு மணிகூட உருட்டவில்லை. ஆண்டவர்தான் அவரைத் தண்டிக்கிறார், பக்கத்தில் போனால் அடி என் மேலும் விழும் என்று நம்பினேன். அந்த நாட்களில் நான் கடவுளை நேசிக்கவில்லை. சம்பளத்தைப் பிடிக்கிற மேஸ்திரிக்குப் பயப்படுகிற மாதிரி அவருக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.

தவக்காலம் தொடங்கியபோது அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டார். வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்கவே அழுவார். கோயில் உபதேசியார் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏனுங்கம்மா, நாளைக்குச் சாமியார் அவஸ்தைப்பூசுதல் குடுக்க வர்றாருங்க. வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, ஒரு டம்ளர் தண்ணி எடுத்து வெச்சிருங்க" என்றார். சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்கு அது. எல்லாம் எடுத்து வைத்தேன். மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் பினாயில் ஊற்றித் தள்ளினேன். கட்டிலை மட்டும் தொடவில்லை.

மறுநாள் மழைத் தூறலில் நனைந்துகொண்டு உதவிப் பங்குச் சாமியார் வந்தார். புதிதாகக் குருப்பட்டம் பெற்றவர், முப்பது வயதுகூட இருக்காது. அண்ணனின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். பிறகு நற்கருணை அப்பத்தைப் பாதியாக உடைத்து நாக்கில் வைத்தார். அண்ணனால் விழுங்க முடியவில்லை. அப்பம் உதட்டுக்கு வந்துவிட்டது. சாமியார் அதை விரலால் எடுத்து, கிள்ளிய துணுக்கு ஒன்றைக் கரண்டித் தண்ணீரில் கலந்து கொடுத்தார். அது மெதுவாக இறங்கியது.

மீதி அப்பம் எச்சிலோடு சாமியார் கையில் இருந்தது. எங்களுக்கு அது வெறும் அப்பமில்லை, ஆண்டவருடைய உடல். கீழே போட முடியாது, யாராவது உட்கொள்ள வேண்டும். சாமியார் தன் வாயருகே கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. அவருக்கும் என் பயம்தான் என்று தெரிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

கட்டிலிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "தங்கச்சிக் கண்ணுகிட்டக் குடுத்துராதீங்க சாமி. ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க."

தண்ணீர் கேட்கக்கூடச் சக்தியில்லாதவர், இருந்த மூச்சை எல்லாம் என் குழந்தைகளுக்காகச் செலவழித்தார். நாலு மாதமாக அவரைக் கண்டு கதவைத் தாழ் போட்டவள் நான். இந்தப் புண்ணான வாய்க்குள் வர ஆண்டவர் அருவருக்கவில்லை, நான் மட்டும் யார் என்று தோன்றியது. யோசித்துச் செய்யவில்லை. முழங்காலில் விழுந்து வாயைத் திறந்தேன்.

சாமியார் நாக்கில் வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அண்ணன் மட்டும் என்னைக் கோபமாகப் பார்த்து, "அறிவு கெட்டவ" என்றார். வந்த நாளிலிருந்து என்னை அவர் கடிந்து பேசியது அந்த ஒரு முறைதான்.

அன்றைக்கே அவரை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். கஞ்சியை என் கையால் ஊட்டினேன், தலை துவட்டினேன். சின்னவள் அவர் காலடியில் படுத்துத் தூங்கினாள். ஒன்பதாம் நாள் மத்தியானம், என் மடியில் தலை இருக்கும்போது மூச்சு நின்றது. பெட்டி தூக்க ஆள் சேரவில்லை. உபதேசியாரும் சாமியாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

பயம் அதோடு ஒழிந்தது என்று சொன்னால் பொய். கொஞ்ச நாள் கழித்து யாருக்கும் தெரியாமல் சேலத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். முடிவு வாங்கப் போன அன்று டாக்டரம்மா, "உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. தொட்டா, ஒரே தட்டுல சாப்பிட்டா எல்லாம் இது வராதும்மா" என்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். முதல் நாளிலிருந்தே அவரைக் கட்டிப் பிடித்திருக்கலாம்.

நான் பயத்தை ஜெயித்த கதையை ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லும்படி இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் எதையும் ஜெயிக்கவில்லை. ஆபத்தில்லை என்று தெரியாமலே அன்று வாய் திறந்ததே, அந்தத் தைரியம் எனக்குச் சொந்தமானது இல்லை, இனாமாக வந்தது. நாலு மாதம் ஜெபமாலை உருட்டியும் அதை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆண்டவர் முதல் நாளே கொடுத்திருப்பார், அண்ணன் அந்தக் கொட்டகையில் ஒரு நாள்கூடப் படுத்திருக்க மாட்டார்.