அக்னாலெட்ஜ் அடித்த அக்கா

மஞ்சள் பட்டன். தகடு வெட்டும் பிரஸ் மெஷினின் திரைக்குக் கீழே இருக்கும். கட்டைவிரல் பட்டுப் பட்டு அதன் மேலிருந்த ஆங்கில எழுத்துகள் பாதி அழிந்துபோயிருந்தன. அக்னாலெட்ஜ் என்று எழுதியிருந்தது. ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் யாரும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. அலாரம் கத்தினால் மெஷின் நிற்கும். பட்டனை அழுத்தினால் கத்தல் அடங்கி மறுபடி ஓடும். எங்கள் படிப்பு அவ்வளவுதான். இப்போது நான் இருக்கும் கம்பெனியிலும் அப்படியொரு பட்டன் இருக்கிறது. தொடவே கை கூசுகிறது.

பக்கத்து மெஷினில் இருந்தவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போச்சம்பள்ளிப் பக்கம் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், மகளின் படிப்புக்காக மூக்கண்டப்பள்ளியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். வாய் ஓயாது. கன்னடக்காரப் பெண்களிடம் கன்னடத்தில் கேலி, தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கில். மெஷினைத் திட்டுவது மட்டும் தமிழில். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சார் அவர் மெஷினில் பழுதாகிக் கிடந்தது. அதற்குத்தான் அந்த அலாரம். சூப்பர்வைசரிடம் என் கண் முன்னாலேயே சொன்னார்.

"அக்னாலெட்ஜ் அடிச்சுட்டு ஓட்டும்மா. லைன் நின்னா மேல எனக்குத்தான் டோஸ்" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில், சிக்கிய தகட்டை எடுக்க அக்கா கையை உள்ளே விட்டார். மெஷின் நிற்கவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவர் போட்ட சத்தத்தை எழுத மனம் வரவில்லை.

பிறகு விசாரணை. தப்பு அவருடையது என்று முடிவானால் வேலை போய்விடும். துணைக்கு ஓர் ஆள் வரலாம் என்றார்கள், அக்கா என்னைக் கூப்பிட்டார். விசாரணைக்கு முந்தின நாள், பட்டனில் இருந்த அந்தச் சொல்லை அகராதியில் தேடினேன். அறிந்துகொள்வதைக் குறித்த ஒரு பழைய ஆங்கில வினையும் அறிவு என்ற சொல்லும் கலந்து பிறந்ததாம். தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வது, அதுதான் பொருள். தெரிந்திருப்பது ஒன்று, அதை வெளியே சொல்வது இன்னொன்று என்பது அதை உண்டாக்கியவர்களுக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

"அலாரம் வந்துச்சா?" என்று மேனேஜர் கேட்டார்.

"வந்துச்சுங்க சார்."

"அக்னாலெட்ஜ் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார். எல்லாரும் அப்படித்தான பண்றோம்."

"அப்ப பழுதுன்னு தெரிஞ்சேதான் கைய விட்டிருக்கீங்க."

அக்கா சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் மேஜையைப் பார்த்தார். "எங்கிட்ட யாரும் சொல்லல சார்" என்றார்.

"சொன்னாங்க சார், நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்று எழுந்தேன். உன்னை யாரும் கேட்கவில்லை, உட்கார் என்றார்கள். அக்காவின் கவனக்குறைவு என்று அன்றைக்கே முடித்துவிட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்காக நின்றோம்.

"அந்தப் பட்டன்ல அப்படி என்னதான் தம்பி எழுதியிருக்குது?"

சொன்னேன். கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்த ரூம்ல இருந்த எல்லாருக்கும் தெரியும் தம்பி. ஒத்துக்கிட்டது நான் ஒருத்திதான்."