சுடலைமுத்துவும் பானட்டில் மூன்று கோடுகளும்

இல்லை மேனேஜர் சார், காசுக்கு அழுதுகொண்டு சுடலைமுத்து உங்கள் கடையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. "அந்தப் பெரியவரா? மூணு தடவ வந்து டைம் வேஸ்ட் பண்ணாரே" என்று சுடலைமுத்துவின் மகனிடமே சொன்னீர்களாம். அப்பனைப் பறிகொடுத்த துஷ்டி வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது? உங்கள் செம்பூர் கார் பாலிஷ் கடையில் கண்ணாடிக் கதவு உண்டு, ஏசி உண்டு, வருகிறவர்களுக்குக் காப்பி உண்டு. மூன்று தடவையும் அவன் அந்தக் காப்பியைக் குடித்தான். நானும் குடித்தேன். வண்டியை மட்டும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதை அவனைத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். நீங்களும் படித்துக்கொள்ளலாம்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. தாராவியில் டீக்கடையில் நின்றேன். "வேலு மாமா, அப்பா போயிட்டாங்க" என்றான் போனில் சுடலையின் மகன் செல்வம். "எங்க போயிட்டானாம்?" என்று கேட்டேன். நான் நம்பவில்லை. போன வருடம் "நெஞ்சு வலிக்கி, ஒடனே வா" என்று சுடலையே போன் செய்தான். அலறிக்கொண்டு ஆண்டாப் ஹில்லில் அவன் வீட்டுக்கு ஓடினால், பாலிஷ் கடைக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று சட்டை இஸ்திரி போட்டு வாசலில் நிற்கிறான். அதனால் அன்றைக்கும் பஸ்ஸில் அவனைத் திட்டிக்கொண்டேதான் போனேன். அவன் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன்.

நாங்கள் இரண்டு பேருமே டிரைவர்கள். மாட்டுங்காவில் ஒரே வீட்டுக்குக் காலமெல்லாம் வண்டி ஓட்டினான் அவன். வேலையை விட்டபோது அந்த வீட்டின் பழைய கறுப்புக் காரை அவனே வாங்கிக்கொண்டான். "காக்கா நெறத்துல எவனாவது காரு வாங்குவானாவே?" என்று சீண்டினேன். அதற்கு அவன் சொன்னது: "வெள்ளக் காரு நம்ம சொந்தக்காரன் மாதிரி, அழுக்க மூடி வச்சிக்கிடும். கறுப்புக் காரு எதுத்த வீட்டுக்காரி. ஒண்ணு விடாம சொல்லிரும்."

எதிர்த்த வீட்டுக்காரி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை நான் சொல்லுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஆயுத பூஜை. அவன் வண்டியின் பானட்டில் சந்தனத்தைக் குழைத்துப் பட்டை போட்டது நான். வெயிலில் அது காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டது. சுடலை உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். துணி போட்டுத் துடைத்தேன், வரவில்லை. உடைத்த தேங்காய் மூடி பக்கத்தில் கிடந்தது. அதன் விளிம்பால் சுரண்டினேன். சந்தனம் வந்துவிட்டது. அடியில் மூன்று கோடுகள், நான் போட்ட பட்டையை விட நேராக. நகத்தை வைத்தால் நகம் தடுக்கியது.

பெரிய மனிதனாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். நான், "ஏ சுடல, எவனோ வண்டியக் கீறிட்டான்வே" என்று ஊரைக் கூட்டினேன். அதன் பிறகு அவனுக்கு எல்லார் மேலும் சந்தேகம். டெம்போக்காரன் மேல், கூரியர் கொண்டுவருகிறவன் மேல், மேல்மாடிப் பூனை மேல். அவன் பட்டியலில் ஆள் குறையும்போது நானே ஒரு பேரைச் சேர்த்துவிடுவேன்.

அந்த மூன்று கோடுகள்தான் பாலிஷ் கடைகளுக்கு அவன் வைத்த பரீட்சை. கடைக்குள் போனதும் கோட்டைக் காட்டி, "இது போவுமா?" என்பான். போகும் என்றால் அந்தக் கடை பெயில். "நகம் தடுக்குன கீறல் போவணும்னா பெயிண்டுக்கு மேல இருக்க க்ளியர் கோட் மொத்தத்தையும் தேய்க்கணும்வே. தேச்சா பானட்டு வெளுத்துப்போவும். போவாதுன்னு சொல்லுத வாயத்தான் நம்பணும்" என்பான்.

உங்கள் கடையில், சார், "ஹண்ட்ரட் பர்சென்ட் போயிடும்" என்றீர்கள். இரண்டாம் தடவை அவன் காப்பி குடித்ததோடு நிற்கவில்லை. நீங்கள் பாலிஷ் போட்டு வாசலில் நிறுத்தியிருந்த கறுப்பு வண்டியை டார்ச் அடித்துப் பார்த்தான். கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை ஸ்பிரிட் நனைத்த துணி கொண்டுவந்தான். நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மூலையைத் துடைத்து, மறுபடி டார்ச் அடித்தான். சிலந்தி வலை மாதிரி சுற்றிச் சுற்றிக் கீறல். கீறலை எடுக்கவில்லை, எண்ணெய் மாதிரி எதையோ பூசி மறைத்திருக்கிறீர்கள். "ரெண்டு கழுவு கழுவுனா குட்டு வெளிய வந்துரும்" என்று என் காதில் சொல்லிவிட்டு, உங்களுக்குக் கும்பிடு போட்டு வந்தான்.

கடைசியில் திலக் நகரில் காதர் பாய் என்று ஒருவர் கிடைத்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். சின்னக் கடை, காப்பி கிடையாது. பெயிண்டின் கனம் பார்க்கும் கருவியைப் பானட்டில் அங்கங்கே வைத்துப் பார்த்தார். நடுவில் டேப் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு, ஸ்பிரிட்டால் அவரே துடைத்துக் காட்டினார். கோட்டைத் தடவிவிட்டு, "இது போவாது அண்ணாச்சி. மத்தது போவும்" என்றார். சுடலை என்னைப் பார்த்துச் சிரித்தான். மறு வாரம் வண்டியை விடுவதாகப் பேச்சு. மறு வாரம் அவன் இல்லை.

இப்போது எனக்குத்தான் சந்தேகம். ஒவ்வொரு கடையிலும் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இத எவன் பண்ணிருப்பான்னு நெனைக்க?" என்று கேட்பான். கேட்கும்போது டார்ச் வெளிச்சம் பானட்டிலிருந்து மெல்ல என் முகத்துக்கு ஏறும். கை நடுக்கம் என்று நினைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு டோம்பிவிலியிலிருந்து செல்வம் வந்திருந்தான். கையில் உங்கள் கடை கார்டு. அங்கே நின்றவர்களில் அந்தக் கோடு எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேண்டாம் என்றால் "மாமா, காமெடி பண்ணாதீங்க" என்பான். ஆயுசுக்கும் கிண்டல் பேசியவன் சொல்லை யார் நம்புவார்கள்? உண்மையைச் சொன்னால்தான் வண்டி பிழைக்கும்.

"செல்வம், அந்த மூணு கோடு இருக்குல்லா" என்று தொடங்கினேன்.

"ஹா மாமா, அத மட்டும் விட்ருங்கன்னு இந்தக் கடைல சொன்னேன். டைம் வேஸ்ட் பண்றீங்க, ஒங்க அப்பா மாதிரியேங்கிறான். சோடோ, விடுங்கன்னு வந்துட்டேன்."

"நீ ஏன் அத விடச் சொன்ன?"

"அப்பா சொல்லிருக்காங்கல்ல. எந்தக் கடைல போட்டாலும் அந்தக் கோட்டத் தொடக் கூடாதாம். ஏம்ப்பான்னு கேட்டேன். 'வேலு மாமா ஒரு நாளு சொல்லுவான், அதுவரைக்கும் கெடக்கட்டும்'னாங்க."

காதர் பாய் கடைக்கு வழி சொன்னேன். பிறகு, "கேளு மக்கா, அந்த ஆயுத பூஜ அன்னைக்குச் சந்தனம் நல்லாக் காஞ்சு போச்சு. ஒங்க அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். நான் என்ன செஞ்சேன், அந்தத் தேங்கா..."

அவன் போன் அடித்தது. "ஏக் மினிட் மாமா" என்று கையைக் காட்டிவிட்டு, யாரிடமோ ஹிந்தியில் பேசிக்கொண்டே தெருமுனை தாண்டிப் போய்விட்டான்.

சுடலையின் டார்ச் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. துஷ்டி அன்றைக்கே எடுத்துக்கொண்டேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், பாதியில் நிற்கிற இந்தப் பேச்சும்தான். வாசலில் நின்ற அவன் வண்டியின் பானட்டில் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மூன்று கோடுகளும் அப்படியே இருந்தன.

"போவாது சுடல" என்றேன்.